அறுவைக்குப் பின் அடுக்களை



கடந்த ஜனவரித் திங்களில், எரியோடு அருகேயுள்ள நமது கிளைப்பங்கு ஒன்றில் புனித செபஸ்தியார் திருவிழாவைக் கொண்டாடினோம். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கல் முத்தழகுபட்டியில் நடைபெறும் செபஸ்தியார் விருந்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம் பக்கத்தில் இரார். காணிக்கையாக வரும் ஆடுகளும் கோழிகளும் அங்கே வருவோர் அனைவருக்கும் உணவாகின்றன. நமது கிளைப்பங்கின் விருந்து அதன் மிகச் சிறிய சாயலே. எனினும் பரிமாறுவோரின் உபசாரத்தில் எள்ளளவும் குறைவில்லை. அந்த உபசாரத்தைக் குறித்தே இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது.

பந்தியில் நமக்கு எதிரே, நாற்பது வயதைக் கடந்த ஒரு சகோதரி அமர்ந்திருந்தார். வேடசந்தூர்ச் சாலையில் நூற்பாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். ஆலயப் பாடகர் குழுவில் பல்லாண்டுகளாகப் பாடிவருபவர். முன்பு மிகவும் பருத்த உடலினராய் இருந்தவர், அன்று பாதியாய் இளைத்திருந்தார். இரண்டு கவளம் உண்டு கையை இலையோரம் வைத்துக்கொண்டார். பரிமாற வந்த இளைஞர்கள் விடவில்லை. "என்னக்கா, செபஸ்தியார் சோற்றை மீதம் வைக்கலாமா? இன்னும் ஒரு கரண்டி!" என்று கறியும் சோறும் இட்டார்கள். அவர் நம்மைப் பார்த்தார். நாமோ நகைத்து, "சாப்பிடம்மா, இன்றைக்கு ஒரு நாள்தானே" என்றோம். அவர் சாப்பிட்டார். சற்று நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் சென்று, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இவ்வாண்டுத் தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் அவரே கணவருடனும் மாமியாருடனும் பங்கு இல்லத்துக்கு வந்தார். இங்கே எழுதுவது அன்று திண்ணையில் அமர்ந்து மூவரும் பேசியதே. எழுதலாம் என்று அவர் இசைவு தந்திருக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட எதுவும் இதில் இல்லை என்பதைச் சொல்லாமலே வாசகர் அறிவர், ஆயினும் சொல்லிவைக்கிறோம்.

அவருக்கு முன்னர் நீரிழிவும் முழங்கால் வலியும் இருந்தன. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மருத்துவர்களின் ஆலோசனைப்படி, நகைகளை அடகு வைத்து, சென்ற ஆண்டு உடல் எடையைக் குறைக்கும் வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எட்டு மாதங்களில் 34 கிலோ குறைந்தது. சர்க்கரை மாத்திரையும் குறைந்தது. ஊரே வியந்தது. ஆனால் இரவு வேலை முடிந்து வீடு திரும்பியதும், எல்லாரும் உறங்கும் நேரத்தில், டப்பாவிலிருந்து மிக்சரைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொறிக்கத் தொடங்கினார். முறுக்கு, பிஸ்கட்டு, இனிப்பு என்று அது வளர்ந்தது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தால் தொண்டையில் விரலை விட்டுத் தாமே வாந்தி எடுத்தார். தவக்காலம் வந்ததும், செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக வெள்ளிதோறும் கஞ்சித் தண்ணீர் மட்டும் அருந்தி ஒருசந்தி காத்தார். அதன் பின் கால்களில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு. பாடகர் மேடையின் மூன்று படிகளை ஏற இயலாத தளர்ச்சி.

"சாமி, போசனப்பிரியம் தலையான பாவங்களில் ஒன்று என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்தேன். அதற்கான தண்டனைதான் இது" என்றார். மாமியார் குறுக்கிட்டு, "இரண்டு லட்சத்தைக் கொட்டி வயிற்றை அறுத்தும் இவள் வாய் அடங்கவில்லை, சாமி" என்றார். கணவர், போகும் வழியில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்றார்.

நமக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவராய்ப் பணிபுரியும் அருட்சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். நாம் சொல்லி முடிக்குமுன்னே அவர் குரல் மாறியது. "எங்கும் நிறுத்தி வெறும் குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம். அறுவை செய்த மருத்துவமனைக்கு இன்றே கொண்டு செல்லுங்கள். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அதன் பின்னர்தான்" என்றார். அன்று மாலையே மூவரும் மதுரைக்குப் பேருந்து ஏறினர்.

அந்தத் தயமின் என்பது என்ன என்று பின்னர் விசாரித்தபோது, நம் பாட்டிமார் கதையே திரும்பி வந்தது.

பெரிபெரி என்றொரு நோயை முதியவர்கள் கேள்விப்பட்டிருப்பர். கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கி மாளும் நோய் அது. ஜாவாத் தீவில் 1890-களில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தவிடு நீக்கிய வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். 1929-இல் நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. நமது நீலகிரிக் குன்னூரில் 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் என்பார் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் தொடங்கிய நிலையமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய உணவூட்ட நிறுவனமாய் விளங்குகிறது. தவிட்டில் இருந்த அந்த உயிர்ச்சத்தை, அதாவது தயமினை, 1936-இல் செயற்கையாய் உருவாக்கிய இராபர்ட் வில்லியம்ஸ் நெல்லூரில் பிறந்தவர். சமயப் பணியாளர் ஒருவரின் மகன். பழைய சென்னை மாகாணத்தில், பச்சரிசியைத் தீட்டி உண்ட வட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெருமளவு தப்பின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. எந்த ஆராய்ச்சியும் இன்றியே நெல் அவித்த கிழவிகளுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

(இடையே ஒன்று. அதே மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சோறே பெரும்பகுதியான "மதராசி" உணவு உண்டவை கடைசி. இலை நிறையச் சோறு இருந்தால் விருந்து நிறைந்ததென எண்ணும் நாம் இதையும் நினைவில் கொள்ளலாம்.)

தயமின் நம் உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமிப்பில் நிற்பதில்லை. வயிற்றைச் சிறிதாக்கிக்கொண்டவர் உண்பது சிறிதளவு. அதையும் நாள்தோறும் வாந்தி எடுத்தால் இருப்பு விரைவில் தீர்ந்துவிடும். அந்நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அதை எரிக்க உடல் எஞ்சிய தயமினையும் செலவிட்டுவிடுகிறது. அதனால் மூளையே தாக்குண்டு, கண் பார்வை நிலைகுலைந்து, நடை தள்ளாடி, நினைவு தடுமாறும் ஆபத்து உண்டு. களைப்பு என்றாலே ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். இத்தகைய அறுவை செய்துகொண்டவர் யாராயினும், எந்த மருத்துவரிடம் எதற்காகச் சென்றாலும், அறுவை நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். வாந்தி இரண்டு மூன்று நாள் நீடித்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த அறுவை நமக்குப் புதிது, உலகுக்குப் பழையது. 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்ற அறுவை மருத்துவர் இதன் ஒரு வகையைத் தொடங்கினார். இன்று இரு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்றில், இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி நீக்கி, வாழைப்பழம் போன்ற குறுகிய குழாயாக்கிவிடுகிறார்கள். மற்றொன்றில், ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் மேலே பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையினர். ஆகவே இச்சிகிச்சை பெற்றவர்கள் நம் பங்குகளிலும் பெருகுவர். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இச்சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்ததை நாளிதழ்களில் படித்தோம். அதற்காக இச்சிகிச்சையே தீது என்று சொல்ல நாம் துணியோம். தக்கவருக்குத் தக்க இடத்தில் செய்யும்போது நீரிழிவையே தணிக்கும் பெருநன்மை இதில் உண்டு. அழகுக்காகவும் திருமணச் சந்தைக்காகவும் பிள்ளைகளை அறுவைக் கூடத்துக்கு அனுப்பும் பெற்றோரை மட்டும் சற்று நிதானிக்க வேண்டுகிறோம்.

ஆனால் கத்தி எட்டாத இடம் ஒன்று உண்டு. அந்தச் சகோதரி இரவில் தின்னத் தொடங்கியது அறுவைக்குப் பின் அல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன் தாயார் படுக்கையில் கிடந்த நாட்களில், இரவெல்லாம் விழித்துப் பணிவிடை செய்தபோது, துணையாக இருந்தது தின்பண்டம் ஒன்றே. தாயார் மறைந்தார், பழக்கம் மறையவில்லை. அறுவைக்குப் பிந்திய முதல் மாதங்களில் பசி மிகக் குறைவு. பசியைத் தூண்டும் சுரப்பு வெட்டப்பட்ட பகுதியிலேயே பெரும்பாலும் உண்டாவது அதற்கு ஒரு காரணம். பின்னர் பசி மெல்லத் திரும்பும். பசியோடு பழைய துயரும் திரும்பும். முன்போல் ஒரே அமர்வில் நிறைய உண்ண இயலாததால், நாள் முழுதும் கொறித்தல், மறைவில் உண்ணல், மென்று துப்புதல், வாந்தி எடுத்தல் என அது வேடம் மாற்றிக்கொள்ளும். சிலர் நேர்மாறாக, எடை கூடுமென்று அஞ்சி உண்பதையே வெறுப்பர். மிக்சரும் ஐஸ்கிரீமும் பாயசமும் வழுக்கிக்கொண்டு இறங்குவன. சிறிய வயிறு அவற்றைத் தடுப்பதில்லை. வயிற்றைக் குடலோடு இணைத்த முறையிலோ, இனிப்பு குடலுக்குள் விரைந்து பாய்ந்து, நெஞ்சுப் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வருவதுண்டு.

ஆடவருக்கு ஒரு சொல். இவ்வறுவைக்குப் பின் மது மிக விரைவில் இரத்தத்தில் கலக்கிறது. முன்பு குடிக்கு அடிமையாகாதவர்களிலும் சிலர், ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து அடிமையாவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு மடக்குத்தானே என்று நண்பர்கள் நீட்டும் கோப்பையை விலக்குங்கள்.

இனி, பாவம் என்றாரே, அதைப் பேசுவோம். போசனப்பிரியத்தைத் தலையான பாவங்களில் எண்ணிய முதலாம் கிரகோரியார், அது ஐந்து வழிகளில் வரும் என்றார்: நேரத்துக்கு முன் உண்ணல், விலையுயர்ந்ததையே தேடல், அளவு மீறல், ஆவலாய் விழுங்கல், பக்குவத்தில் மிகை காட்டல். சிந்தித்தால், நமது திருவிழாப் பந்தியில் அந்த ஐந்தும் உண்டு. அவற்றை உபசாரம் என்று அழைத்துவிட்டு, இரவில் தனியே அழுதபடி மிக்சர் தின்ற பெண்ணைப் பாவி என்கிறோம்! சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். பழக்கமும் அச்சமும் மன நோவும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், சில வேளை நீக்கியும் விடும் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. உண்ணுதலில் வரும் இத்தடுமாற்றம் ஒரு நோய். அதற்கு மனநல மருத்துவரும் ஆலோசகரும் உண்டு. அறுவைக்கு முன்னும் பின்னும் அவர்களைக் காண்பது சிகிச்சையின் ஒரு பகுதி, வெட்கத்துக்குரியதன்று. நம் சகோதரி அறுவைக்கு முன் ஒருமுறை கண்டதோடு நிறுத்திவிட்டார். பேருந்துச் செலவே காரணம்.

நம் பிழையையும் மறைக்கலாகாது. அவர் இளைத்து வந்த நாளில், "இப்போதுதான் பார்க்க நன்றாயிருக்கிறாய்" என்று புகழ்ந்தவர்களுள் நாமும் ஒருவர். அந்தப் புகழ்ச்சியே, ஒரு கிலோ கூடினாலும் முகத்தில் விழிக்க முடியாதே என்ற அச்சத்தை அவருக்குள் விதைத்தது. சாம்பல் புதனன்று நோன்பின் மேன்மையை முக்கால் மணி நேரம் பிரசங்கித்த நாம், நோயாளருக்கு அக்கடமை இல்லை என்பதை ஒரு வரியும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம். ஒருசந்திக் கட்டளை சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரியது. 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவரைக் கட்டும் (நமக்கே அந்த விடுதலை நெருங்குகிறது). நோயுற்றோரை அது கட்டாது. நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியும் நோயாளரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டுவதில்லை. அப்பத்தை விழுங்குவது கடினமாயின் ஒரு சிறு துணுக்குப் போதும். அதிலும் ஆண்டவர் முழுமையாய் இருக்கிறார். பங்குத்தந்தையிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

அடுக்களைக்கு வருவோம். முதல் வாரங்களில் நீர்ம உணவு, பின்னர் மசித்தது, பின்னர் மென்மையானது என்று மருத்துவர் படிப்படியாய்க் கொடுக்கும் ஒழுங்கை மாற்றக் கூடாது. வழக்கமான உணவுக்கு வந்தபின் தட்டின் வரிசை மாற வேண்டும். புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில், அதுவும் இடமிருந்தால். நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் புரதமேனும் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம்தான் உண்டு. சிறிய வயிற்றில் இதை எட்டுவது எளிதன்று என்பதாலேயே புரத மாவை எழுதிக் கொடுக்கிறார்கள். அது விளம்பர ஆடம்பரமன்று. முட்டை, மீன், தயிர், வேகவைத்து மசித்த பாசிப்பயறு, கொள்ளுச் சாறு, முருங்கைக்கீரை ஆகியன நம் வறண்ட மண்ணின் சந்தைகளிலேயே கிடைப்பன. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். உண்ணும்போது தண்ணீர் கூடாது. உண்டபின் அரை மணி நேரம் கழித்துச் சிறிது சிறிதாய்ப் பருகலாம். உயிர்ச்சத்து மாத்திரைகள், பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, டி ஆகியன ஆயுள் முழுதும் வேண்டும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். முதல் மாதங்களில் தலைமுடி உதிர்ந்தால் மிரள வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். இளம் மனைவியர் ஒன்றரை ஆண்டளவேனும் கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது தாய்க்கும் சேய்க்கும் நலம்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் யாயீரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்ச்சியைப் பலமுறை வாசித்திருக்கிறோம். எல்லாரும் திகைத்து நின்ற வேளையில், அவர் பெற்றோருக்கு இட்ட கட்டளைகளுள் ஒன்று, பிள்ளைக்கு உண்ணக் கொடுக்க வேண்டும் என்பது. பிள்ளையை எழுப்பியவர் உணவையும் அங்கேயே வருவித்திருக்கலாம். அதை அவ்வீட்டாரின் கையில் விட்டார்.

மதுரையிலிருந்து திரும்பியபின் அந்த மாமியாரைத் தனியே அழைத்துப் பேசினோம். "நான் திட்டியது அவள் நன்மைக்குத்தான், சாமி" என்றார். உண்மைதான். "இரவு வேலை விட்டு மருமகள் வரும் நேரத்தில் நீங்கள் விழித்திருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டோம். முதியவர், சற்றே யோசித்தார். அதன் பின், காலையில் அவர் வரும் நேரத்தில் இருவரும் அடுக்களையில் ஒன்றாய் அமர்ந்து உண்கிறார்களாம். மிக்சர் டப்பா வீட்டிலிருந்தே போய்விட்டது, பேரப்பிள்ளைகள் முணுமுணுத்தனராம். மருமகள் பழையபடி கொறித்த நாட்களும் இடையே இருந்தன. அந்நாட்களில் அதைச் சொல்லிவிடுகிறார், கிழவியும் திட்டுவதில்லை. மாதம் ஒருமுறை மதுரைக்கு ஆலோசகரிடம் போகும் பேருந்துச் செலவைக் கிளைப்பங்கின் அன்பியத்தார் ஏற்றிருக்கிறார்கள். கால் மதமதப்பு முற்றிலும் நீங்கவில்லை, நாளாகும் என்கிறார்கள்.

சென்ற ஞாயிறன்று அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாடகர் மேடை ஏறினார். பூசை முடிந்து பங்கு இல்லத்துக்கு வந்தபோது, மாமியார் சிறு சம்படத்திலிருந்து அவித்த முட்டையை எடுத்துக் கொடுக்க, மருமகள் மெதுவாய் மென்று உண்டார். பாடிய தொண்டை வறண்டிருக்குமே என்று நாம் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினோம். கிழவியின் கை குறுக்கே வந்தது.

"இப்போது வேண்டாம், சாமி. இன்னும் அரை மணி ஆகவில்லை."